நாலாம் மாடிக் கதவுக்குப் பின்னால் கடல்

எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில், வலது பக்க வீட்டில், ஒரு சட்டம் அமலில் இருந்தது. லீவு, டூர், ரயில் என்ற மூன்று வார்த்தைகளை அந்த வீட்டுக்குள் யாரும் சொல்லக்கூடாது. சட்டம் போட்டவள் வீட்டம்மா. கட்டுப்பட வேண்டியவர் வீட்டுக்காரர். சாட்சி நான். எனக்கு ஒட்டுக்கேட்கும் பழக்கம் கிடையாது. ஆனால் அவர்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் சமையலறை வழியாகத்தான் கீழே இறங்குகிறது. குழாய் பேசினால் நான் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி பெயர் தைத்த நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, குளிக்கும்போதும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆபீஸ் போன். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் ஊசியம்மா. அவ்வளவு லேசான கை. ஊசி குத்தி முடித்து, பஞ்சு வைத்து, சீசாவில் பெயர் எழுதும்போதுதான் "எப்ப குத்துவீங்க?" என்று கேட்பவர்கள் உண்டு.

இருவரும் சண்டைக்காரர்கள் இல்லை. அதுதான் எனக்கு வருத்தமே. தட்டு உடையாது, குரல் உயராது. ஆனால் பதினோரு வருஷத்தில் எட்டுத் தடவை ஊருக்குக் கிளம்பி, எட்டுத் தடவையும் திரும்பி வந்தவர்கள். ஒரு தடவை வாசலில் பூட்டைப் பூட்டும்போது போன் வந்தது. ஒரு தடவை டாக்ஸியில் ஏறி, தெருமுனை திரும்பும்போது. எங்கோ ஒரு கட்டடத்தில் யாரோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் உடனே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "ஒரு மணி நேரம்தான்" என்பார். அந்த ஒரு மணி நேரங்கள் இன்னும் முடியவில்லை.

எட்டாவது தடவை ரயிலுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னலோரம் அவள். வண்டி நகர ஒரு நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. இவர் இறங்கிவிட்டார். வண்டி நகர்ந்தது. அவள் அடுத்த ஸ்டேஷனில் இரண்டு பெட்டிகளையும் இறக்கி, வேறு வண்டி பிடித்துத் திரும்பி வந்தாள். நான் படிக்கட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். "என்னம்மா, ஒரு பெட்டிய நான் தூக்கட்டுமா?" என்றேன். "வேணாம்க்கா, பழகிடுச்சு" என்றாள். அன்று சாயங்காலம் குழாய் வழியாகச் சட்டம் இறங்கியது.

அதோடு அவள் லிஃப்டில் ஏறுவதையும் நிறுத்தினாள். நாலு மாடி, தினமும் இரண்டு தடவை, படிக்கட்டுதான். அவளுக்கு அது சக்களத்தி வீடு மாதிரி என்று இரண்டாம் மாடி ஆடிட்டரின் மனைவி சொன்னாள். நான் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் தேவை கதவு இல்லை, மூச்சு என்பார். எங்கே மாட்டினாலும், போகிற வழியிலேயே லிஃப்டுக்குள் இருக்கும் பேசும் பெட்டி வழியாக அவர்களைக் கூப்பிடுவார். "பயப்படாதீங்க" என்று சொல்லமாட்டார். சொன்னால் பயம் அதிகமாகுமாம். "அடுத்த லீவுக்கு எங்க போறீங்க?" என்று கேட்பார். இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் அல்லவா? தடுமாறி ஏதோ ஒரு ஊர் பெயரைச் சொல்வார்கள். இவர் விடமாட்டார். எப்படிப் போவீங்க, யாரோட போவீங்க, ரூம்ல இருந்து என்ன தெரியும், முதல் நாள் காலையில எழுந்ததும் என்ன பண்ணுவீங்க. அவர்கள் பெட்டியில் துணி மடித்து வைக்கும் இடத்துக்கு வருவதற்குள் கதவு திறந்துவிடும். இப்படி ஊரில் உள்ள எல்லோருடைய லீவும் அவர் தலைக்குள் இருந்தது. யார் மலைக்குப் போகிறார்கள், யார் மாமியார் வீட்டுக்குப் போவதை லீவு என்று சொல்லிக்கொள்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை இந்த வித்தை பலிக்கவில்லை. பதினாலு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில், பிரான்சிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். இவர் கேட்டது அவளுக்குப் புரியவில்லை, அவள் அழுதது இவருக்குப் புரியவில்லை. முப்பத்தைந்து நிமிஷம். கதவு திறந்ததும் அவள் இவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் விடவே இல்லையாம். அந்தக் கட்டடத்தில் இன்னும் நாற்பது பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். அடுத்த வாரமே மஞ்சள் அட்டை போட்ட பாடப் புத்தகம் ஒன்றும், போனில் கேட்கும் பாடமும் வாங்கிவிட்டார். தொடக்கநிலை பிரெஞ்சு. அதில் ஆறாவது பாடம், லீவுக்கு எங்கே போகிறோம் என்று பேசுவது.

முதல் ஐந்து பாடங்களை அவர் திறந்தே பார்க்கவில்லை. பிரெஞ்சில் அவருக்குத் தன் பெயர் சொல்லத் தெரியாது, வணக்கம் சொல்லத் தெரியாது, கடலுக்குப் போகிறேன் என்று சொல்லத் தெரியும்.

சரி, பாடத்தை எங்கே படிப்பது? வீட்டில் வாயைத் திறந்தால் சட்டம். எந்த மொழியில் சொன்னாலும் லீவு லீவுதானே. ஆபீஸில் கேலி. ஆகவே லிஃப்ட் குழியைத் தேர்ந்தெடுத்தார். லிஃப்ட் ஏறி இறங்குகிற, கீழிருந்து மொட்டை மாடிவரை போகும் இருட்டுக் குழி. எங்கள் லிஃப்டின் பராமரிப்பும் அவர் கம்பெனிதான். "ஏதோ சத்தம் வருது, பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, லிஃப்டை நிறுத்தி, கூண்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அந்த மாதங்களில் எங்கள் லிஃப்டுக்குக் கிடைத்த கவனிப்பு எந்த மந்திரிக்கும் கிடைத்திருக்காது.

மூடிய கதவுகளுக்கு உள்ளே பேசினால் வெளியே கேட்காது என்று நினைத்துவிட்டார். இருபது வருஷம் லிஃப்டோடு குடித்தனம் நடத்துகிறவர் நினைக்கும் நினைப்பா இது? ஆனால் அவர் எப்போதும் குழிக்குள்ளேயே இருந்தவர். வெளியே நின்று கேட்டதே இல்லை.

எங்களுக்குக் கேட்டது. லிஃப்ட் நின்றதால் எல்லோரும் படியேறிக்கொண்டிருந்தோம். அந்தக் குழி ஒரு நீளமான புல்லாங்குழல் மாதிரி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு அதற்கு ஒரு துளை. கீழ்த்தளத்தில் வெறும் முனகலாக இருக்கும். முதல் மாடிக்கு வந்தால் ஒரு பெண் குரல், போனில் இருந்து, மெதுவாக, தண்ணீரில் கை அளைவது போலக் கேட்கும்: "ஊ அலே வூ ஆன் வக்கான்ஸ்?" லீவுக்கு எங்கே போகிறீர்கள் என்று அர்த்தமாம். அப்புறம் பதில் சொல்ல இடைவெளி விடுவாள். அந்த இடைவெளியில் கம்பிகள் லேசாக அதிர்வதுகூடக் கேட்கும். பிறகு அவர் குரல், கிரீஸும் இருட்டும் பூசிக்கொண்டு, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், "ஜு வே அ லா மேர்." கடலுக்குப் போகிறேன்.

எங்கள் கட்டடத்தில் இருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்னொரு கட்டடம்தான் தெரியும். அப்படியிருந்தும் அந்த நாட்களில் படிக்கட்டில் ஈரக் காற்று அடிப்பதுபோல இருந்தது. வாழ்நாளில் எண்களைத் தவிர எதையும் நம்பாத இரண்டாம் மாடி ஆடிட்டர், கையில் பால் பாக்கெட்டோடு லிஃப்ட் கதவில் காதை வைத்து நிற்பதைப் பார்த்தேன். பால் கசிந்து அவர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. "மோட்டார் சத்தம் சரியா இருக்கான்னு பாக்கிறேன்" என்றார். மோட்டார் ஓடவே இல்லை. அவர் மனைவி பரணில் இருந்து பெட்டியை இறக்கித் துடைத்து, உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பரணில் வைத்தாள். இரண்டு தடவை. என்ன விஷயம் என்று கேட்டால், "தூசி" என்றாள்.

அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே மஞ்சள் அட்டைப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். நானும் நேராக ஆறாம் பாடம்தான். அந்தப் பாடத்தில் கேள்விகள் அச்சடித்திருக்கும், பதிலை நாம் சொந்தமாகச் சொல்ல வேண்டும். லிஃப்ட் கதவருகே ஸ்டூல் போட்டு, மூக்குக் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தேன். "அவெக் மா ஃபாம்." என் மனைவியோடு. "ஆன் த்ரேன்." ரயிலில். "த செமென்." இரண்டு வாரம். பெண் குரல் என்ன கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், மனுஷர் மனைவியை விட்டுவிட்டு ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை.

ஊசியம்மாவுக்கும் இது கேட்டிருக்க வேண்டும். நாலு மாடி ஏறுகிறவள் மூச்சு வாங்க நடுவில் நிற்பது இயற்கைதான். ஆனால் அவள் இறங்கும்போதும் நின்றாள்.

இதை அவளிடம் சொல்லாமல் இருப்பது பாவம் என்று எனக்குப் பட்டது. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, கையில் புத்தகத்தோடு மேலே போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொன்னேன். அவள் ஒரு சேலையை நான்காக, எட்டாக மடித்தபடி கேட்டாள்.

"அது ஆபீஸ் பாடம்க்கா" என்றாள். "அங்க கேள்வி கேட்டா இவர் பதில் சொல்லித்தான் ஆகணும். நீங்க உருகாதீங்க."

"மனைவியோடன்னு புஸ்தகத்துல இல்லம்மா. அது அவராப் போட்டது."

"போடறதுல என்ன கஷ்டம்? வாயாலதானே போறார்." அவள் சேலையைக் கட்டிலில் வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், கட்டிலில் ஒரே ஒரு பெட்டி திறந்திருந்தது. அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். என் கண்ணில் இருந்து எதையும் மறைக்க முடியாது என்று ஊருக்கே தெரியும். மறைக்க அவள் முயற்சிக்கவும் இல்லை. தலையணைக்கு அடியில் இருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். ஒரே டிக்கெட். பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி வண்டி. கடற்கரை ஊர்.

"இரண்டு வாரம் லீவு போட்டிருக்கேன். அங்க எங்க லேபுக்கு ஒரு கிளை இருக்கு. ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. பிடிச்சிருந்தா அங்கயே இருந்துடுவேன்."

"அவர்கிட்ட?"

"கிளம்பற அன்னிக்குச் சொல்லுவேன். முன்னாடியே சொன்னா, 'நானும் வரேன்'னு சொல்லுவார்க்கா. அதைத்தான் என்னால இன்னொரு தடவை கேக்க முடியாது."

என் வாய்க்கு அன்று ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். ஆனால் மூன்றாம் மாடிக்குள் சாவி கிடைத்துவிட்டது. ஆடிட்டர் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆடிட்டரிடம் சொன்னாள். இரண்டே நாளில் வாட்ச்மேன்வரை தெரிந்துவிட்டது. கட்டடத்தில் தெரியாதவர் ஒரே ஒருவர். அவர் குழிக்குள் உட்கார்ந்து, மனைவியோடு ரயிலில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் எல்லோரும் மேலே விசிறியைப் பார்த்தோம்.

பன்னிரண்டாம் தேதி வந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர் நாலாம் மாடி லிஃப்ட் கதவின் கொக்கி சரியில்லை என்று கூண்டின் கூரைமேல் ஏறினார். இரண்டு பேர் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்ய வேண்டுமாம். தன் வீட்டு வாசல்தானே என்று தனியாக ஏறிவிட்டார். அவர் முடித்து வந்ததும் சொல்லிவிட்டு, மூன்றரைக்கு இறங்குவதாக அவள் திட்டம்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. கூண்டு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றது. கீழே மூன்றாம் மாடிக் கதவைக் கூண்டே அடைத்துக்கொண்டிருந்தது. மேலே நாலாம் மாடிக் கதவில் அவர் சரிசெய்யப் போன அதே கொக்கி உள்ளே இருந்து அவருக்கு எட்டவில்லை, இறுகிப்போய், வெளியே நாங்கள் சாவி போட்டும் திறக்கவில்லை. கதவு நடுவில் ஒரு விரல் நுழையும் இடுக்கு. அதற்குள் கறுப்பாக இருட்டு. மொட்டை மாடி மோட்டார் ரூமில் இருந்து கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் கூண்டை நகர்த்த வேண்டும். கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

நான் ஸ்டூலோடு மேலே ஓடினேன். ஊசியம்மா கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூட்டிய பெட்டி. ஆபீஸுக்குப் போன் போட்டதாகவும், ஆள் வரும் என்றும் உள்ளே இருந்து சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் அவருடைய ஆபீஸ் போன் அடித்தது. அது குழி முழுக்க எதிரொலித்தது.

"துணிக்கடையிலயா? மூணு பேரா?" என்றார். அந்தப் பழைய குரல். டாக்ஸியில் இருந்து இறங்கும் குரல். "நான் வர முடியாதுங்க. நானே மாட்டிக்கிட்டு இருக்கேன்." எதிர்முனையில் சொன்னதைக் கேட்டார். "ஓ. அப்படியா? சரி. சரிங்க."

இருபது நிமிஷத்தில் இன்னொரு தடவை போன் வந்தது. திறந்தாயிற்றாம். மூன்று பேரும் இறங்கிப் போய்விட்டார்களாம். திறந்தவன் இனிமேல்தான் இங்கே கிளம்புவானாம்.

"யார் போனது?" என்று கதவிடுக்கில் கேட்டாள் அவள்.

"வேற ஆள்."

"வேற ஆள் இருக்காங்களா?"

உள்ளே சாவிக்கொத்து குலுங்கியது.

"பதினோரு வருஷமா அந்த வேற ஆள் எங்க இருந்தாருங்க?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. சீசாவில் பெயர் எழுதும்போது வயசு கேட்பதுபோலக் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் உள்ளே மூச்சு மாறியது. எனக்குக்கூடக் கேட்டது. சின்னச் சின்னதாக, வேகவேகமாக. இருபது வருஷம் மற்றவர்களை இருட்டில் இருந்து வெளியே எடுத்தவர், இருட்டில் முதல் தடவையாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். மூச்சைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஊசியைக் கண்டு மூச்சு முட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். கதவுப் பக்கம் திரும்பி, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"ஊ அலே வூ ஆன் வக்கான்ஸ்?" என்றாள்.

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு சுத்தமாக எனக்கே வராது. இறங்கும்போது நின்று நின்று கற்றிருக்கிறாள்.

உள்ளே மூச்சு ஒரு கணம் நின்றது. "ஜு வே அ லா மேர்" என்றார் மெல்ல. "அவெக் மா ஃபாம்..."

"அது பாடம். பாடம் எனக்குத் தெரியும். நம்ம பாஷையில சொல்லுங்க. லீவுக்கு எங்க போறீங்க?"

சட்டத்தை அவளே உடைத்தாள். வீட்டு வாசலுக்கு நாலடி வெளியே என்றாலும் உடைத்தது உடைத்ததுதான்.

"கடலுக்கு" என்றார். "ஒரு வெள்ளை வீடு. வாசல்ல ரெண்டு சாய்வு நாற்காலி. பக்கத்துல படகு கட்டியிருக்கும்..."

"இது யார் சொன்னது?"

"ஒரு பேங்க் மேனேஜர். ஆறாம் மாடியில மாட்டினார்."

"அப்ப அது பேங்க் மேனேஜரோட லீவு. உங்களோடதைச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். ஊரில் இருப்பவர்களின் அத்தனை கடல்களும் மலைகளும் அந்தத் தலைக்குள் நிறைந்திருந்ததே தவிர, அவருக்கென்று ஒரு மணல்கூட இல்லை என்பது எனக்கு அந்த அமைதியில் புரிந்தது. ஆடிட்டரும் மனைவியும் படியில் வந்து நின்றிருந்தார்கள்.

"சின்ன ரூம்" என்றார் கடைசியில். "கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேக்கும். நீ தூங்கற. எட்டு மணி ஆகியும் தூங்கற. நான் எழுப்பல. ஜன்னல்ல ஒரு தாழ்ப்பாள் ஆடிக்கிட்டே இருக்கு. அதை நான் மெதுவா..."

"அங்கயும் ஸ்க்ரூ டிரைவரா?"

"சத்தமில்லாம."

அவள் சிரித்தாள். குழாய் வழியாகப் பதினோரு வருஷத்தில் அந்தச் சிரிப்பு எனக்கு வந்ததில்லை. "அப்புறம்?"

"அப்புறம் நீ எழுந்துக்கற. வெளிய போறோம். வெயில் இல்ல. ஒரு மாதிரி வெள்ளையா இருக்கு எல்லாம், வானம் எது தண்ணி எதுன்னு தெரியல. நீ செருப்பைக் கையில எடுத்துக்கற. யாரும் நம்மளக் கூப்பிடல. நடந்துக்கிட்டே இருக்கோம். நான் என்ன பேசறதுன்னு தெரியாம வரேன். நீ ஒண்ணும் கேக்கல."

அவர் சொல்லச் சொல்ல அந்த இடுக்கில் இருந்து குளிர்ந்த காற்று வந்தது. குழியில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும் என்று அப்புறம் ஆடிட்டர் விளக்கம் சொன்னார். அவர் எதற்குத்தான் விளக்கம் சொல்லமாட்டார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், தூசி பிடித்த எங்கள் மாடிப்படியில் நாலு பேர் ஈர மணலில் நிற்பதுபோல அசையாமல் நின்றோம் என்பதுதான்.

"எனக்கு டிக்கெட் இருக்குங்க" என்றாள் அவள், கதவிடம். "ஒண்ணுதான் எடுத்தேன். இன்னிக்கு அஞ்சு மணி வண்டி. திரும்பி வருவேனான்னு தெரியல."

இதற்குத்தான் நாங்கள் பத்து நாளாகக் காத்திருந்தோம். ஆனால் அந்த நேரத்தில் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளத் தோன்றியது.

"இப்ப மணி என்ன?" என்றார் உள்ளே இருந்து.

"மூணே கால்."

"ஆள் வர நாலரை ஆயிடும்."

"தெரியும். இருக்கேன். வண்டி போனாப் போகுது."

"இருக்காத" என்றார். அவர் குரல் இவ்வளவு திடமாக ஒலித்து நான் கேட்டதில்லை. "லிஃப்ட்ல ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு நீ நின்னா, இது ஒன்பதாவது தடவை ஆயிடும். போயிடு. எனக்கு ஒண்ணும் ஆகாது. மூணாம் மாடி அக்கா இருக்காங்க, பேச்சுக்குப் பஞ்சமில்ல."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவள் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். பெட்டியைத் தூக்கினாள். இரண்டு படி இறங்கி, திரும்பி வந்து, இடுக்கில் ஒரு விரலை நீட்டினாள். உள்ளே இருந்து எதுவும் எட்டாது, கூண்டு அவ்வளவு கீழே. ஆனாலும் நீட்டிக்கொண்டே நின்றாள்.

"செவ்வாய்க்கிழமையும் அந்த வண்டி இருக்கு" என்றாள். "வரதுன்னா வாங்க. நடுவுல இறங்கறதா இருந்தா ஏறாதீங்க."

இறங்கிப் போனாள். அந்தப் படிச் சத்தம் கீழ்த்தளம்வரை குழிக்குள்ளும் கேட்டிருக்கும். நான் ஸ்டூலைக் கதவருகே இழுத்துப் போட்டு, கட்டடத்தின் எல்லாச் செய்திகளையும் அவருக்கு முதலில் இருந்து சொன்னேன். வேற ஆள் நாலரைக்கு வந்து, மோட்டார் ரூமில் சக்கரத்தைச் சுற்றி, கூண்டை மேலே ஏற்றி, கொக்கியைக் கழற்றினான். வெளியே வந்தவர் முகத்தில் கிரீஸ் ஒரு பக்கமாக வழிந்திருந்தது. நேராக ஜன்னலுக்குப் போய் எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை போனார். ஆபீஸ் போனை ஆபீஸிலேயே கொடுத்துவிட்டு, சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. அந்தச் சட்டையில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாட்ச்மேன் "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டானாம்.

வியாழக்கிழமை எங்கள் லிஃப்ட் நின்றது. உள்ளே ஆளில்லை, அது ஒரு புண்ணியம். கம்பெனிக்குச் சொன்னோம், வேற ஆள் இரண்டு நாள் கழித்து வருவானாம். முழங்கால் வலிக்கார ஆடிட்டர் ஒவ்வொரு படியிலும் ஒரு வசவு வைத்து ஏறினார். "அவருக்கு ஒரு போன் போட்டா, எந்த ஸ்விட்சுன்னு சொல்லிட மாட்டாரா? ஊசியம்மா நம்பர்தான் உங்ககிட்ட இருக்கே!" என்றார். "இருக்கு. ஆனா போடறவங்க வீட்டு ரகசியமெல்லாம் நாளைக்குத் தெருவுக்கு வரும்" என்றேன். யாரும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அங்கிருந்தே போன் வந்தது. ஊசியம்மா போனில் அவர். ஊர் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள், "அக்கா, லிஃப்ட் ஓடுதா?" என்றார்.

"பூ மாதிரி ஓடுது" என்றேன்.

போன் கை மாறியது. "அக்கா, உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள் ஊசியம்மா. "மாடி ஏறி வந்தீங்களா?"

அவளிடம் மூச்சை மறைக்க முடியுமா? "மெதுவாப் பேசும்மா, அவர் காதுல விழப்போகுது. நின்னு ஒரு நாள் ஆச்சு" என்றேன்.

அவள் மெதுவாகப் பேசவில்லை. போனை விலக்கி, அவர் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னாள். "நம்ம லிஃப்ட் நின்னுடுச்சாம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரயில் ஏறுவதா, பை கட்டுவதா, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வதா, இந்த முனையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கோ ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். கதவு ஒன்று திறந்தது.

"அப்படியா?" என்றது அவர் குரல், தூரத்தில் இருந்து. "சரி, நீ செருப்பு போட்டுக்கறியா, இல்ல கையிலயா? வெயில் வரதுக்குள்ள போயிடலாம்."

"வச்சிடறேன்க்கா" என்றாள் அவள். வைத்தும்விட்டாள்.